சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்பவன்

சொக்கலிங்கம்,
வெருலம் ஸ்டேஷனில் சுட்ட சோளத்தைக் கடித்தபடி
நீ கேட்டாய்:
"நாள் முழுக்கப் பொய்யைக் காதில் வாங்குகிற மனுஷன்,
அந்தச் சுவிசேஷத்தை மட்டும் எப்படி ஐயா நம்புகிறீர்?"
ரயில் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஏறினேன்.
சிரிப்பு பதில் இல்லை.

இருபத்தாறு வருஷமாய்
சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.
தமிழாய் என் காதில் விழுவது
இங்கிலீஷாய் என் வாயில் வரும்.
புனல் மாதிரி ஒரு பிழைப்பு.

பொய்ச் சாட்சி எப்படி இருக்கும் தெரியுமா?
மூன்று பேர் வருவார்கள்.
மூவரும் மூன்றே முக்கால் மணி என்பார்கள்.
ஒருவனிடமும் கடிகாரம் இருக்காது.

நிஜமாய்ப் பார்த்தவர்கள் சண்டை போடுவார்கள்.
வண்டி பச்சை என்பான் ஒருவன்,
போடா, நீலம் என்பான் இன்னொருவன்.
பிள்ளை விழுந்த இடம் எது என்று கேள்,
இரண்டு விரலும் ஒரே கல்லைக் காட்டும்.

அந்தப் புத்தகத்திலும் அப்படித்தான்.
கல்லறையில் நின்ற தூதன் ஒருவனா, இருவரா,
எழுதியவர்கள் ஒத்துப்போகவில்லை.
கல் புரண்டு கிடந்தது.
அதில் தகராறு இல்லை.

புயலில் தள்ளாடும் படகு.
அவர் தலையணை வைத்துத் தூங்கினாராம்.
அந்தத் தலையணையால் கதைக்கு ஒரு பிரயோசனமும் கிடையாது.
பார்த்தவன் கண்ணில் கிடந்தது, சொல்லிவிட்டான்.

விடியலில் முதலில் போனவர்கள் பெண்கள்.
அவர்கள் சொன்னதைப் பிதற்றல் என்றார்கள் ஆண்கள்.
ஜோடிக்கிறவன் இப்படியா ஜோடிப்பான்?
எங்கள் கோர்ட்டில்
கூண்டில் ஒரு கூலிப்பெண் ஏறினால்
மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

அன்றைக்கும் வைத்தார்.
எந்த அன்றைக்கு என்று உனக்குத் தெரியும்.
உன் அண்ணன் வழக்கு.

பவுனம்மாளிடம் மணி கேட்டார்கள்.
"புகைபோக்கி நிழல் கழுதைக் கொட்டிலைத் தொட்ட நேரம்" என்றாள்.
கோர்ட்டே சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.
"சர்தார் அடிச்சான்,
துரை பாத்துக்கிட்டே நின்னாரு."

நான் சொன்னேன்:
சர்தார் அடித்தான், துரையும் அங்கே இருந்தார்.

பார்த்துக்கொண்டே.
அந்த ஒரு சொல் தொண்டைக்குள் தங்கிவிட்டது.
புனல் இல்லை நான், சல்லடை.
என் பையனுக்கு ஆலை ஆபீசில் குமாஸ்தா வேலை பேசியிருந்தது.
(ஒரு மாசம்கூட நிற்கவில்லை. அது வேறு கதை.)
சர்தாருக்கு அபராதம் ஏழு பவுன்.
துரை தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன்.
முற்றத்தில் தீக்காய்ந்துகொண்டிருந்த ஒருவன்
வேலைக்காரி கேட்டதற்குப் பயந்து
அந்த மனுஷனைத் தெரியவே தெரியாது என்றான்,
மூன்று தரம்.
இதை யார் போய் எழுதுகிறவனிடம் சொல்லியிருப்பார்?
எனக்குத் தெரிந்து அவனேதான்.
பின்னாளில் சபைக்கே தலைவனாகி,
எல்லாரும் மதிக்கிற வயதில்,
சேவல் கூவியதைக்கூட விடாமல்.

பொய் சொல்லத் தெரிந்தவன்
தன்னை அந்த நெருப்பு வெளிச்சத்தில் நிறுத்தமாட்டான்.
நானே எட்டு வருஷம் நிறுத்தவில்லையே.
அந்தப் பக்கம் வந்தால் லாந்தரை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

ஏன் எழுதினார்கள் என்றும் கேட்டிருப்பாய், ரயில் நின்றிருந்தால்.
பார்த்தவர்கள் ஒவ்வொருவராய் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.
ஒருவன் கண்ணால் கண்டவர்களைத் தேடிப் போய்
அடியிலிருந்து விசாரித்து எழுதினான்,
ஒரே ஒரு ஆளுக்கு.
கேள்விப்பட்டது நிஜம்தான் என்று
அவன் தெரிந்துகொள்ள வேண்டுமே.

நானும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் எழுதுகிறேன்.

என் கையெழுத்தை மட்டும் நம்பாதே.
பவுனம்மாள் உயிரோடு இருக்கிறாள்.
டொங்காட் பாராக்ஸ், மூன்றாம் வரிசை, தகரக் கதவு.
காது மந்தம், உரக்கப் பேசு.
துரை என்ன செய்துகொண்டு நின்றார் என்று கேள்.
மணி கேட்காதே.

நான் வரமாட்டேன்.
உங்கள் இருவருக்கும் நடுவில்
மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை.

ஞானாதிக்கம்