படல்

வெள்ளி இரவு எல்லை தாண்டியதும்
சாலையின் முதுகில் வெள்ளை எழுத்தில்
அரவ் என்றிருந்தது.
மெதுவாக என்று பொருளாம்,
கைபேசியில் தேடிச் சொன்னாய்.
எனக்குப் பாம்பு என்றுதான் கேட்டது.
அதற்கேற்ப நெளிந்தது சாலையும்,
வேலிச்செடிகள் இருபுறமும் கண்ணாடியை உரச.
பிறகு நாற்பது நிமிடம் நாம் பேசவில்லை.
வீட்டிலும் அப்படித்தான் என்பதால்
வித்தியாசம் தெரியவில்லை.

மெரெரித்தின் கொட்டில் வீடு.
மாடு கட்டிய இடத்தில் இப்போது மெத்தை.
மேசையில் ரொட்டி, உப்பு வெண்ணெய்,
அதன் பக்கத்தில் நீ விரித்த பட்டியல்:
அருவி, காலை ஒன்பது.
நீராவி ரயில், பத்தேமுக்கால்.
இடிந்த கோட்டை, சாப்பாட்டுக்கு முன்.
தேநீர்க்கடையாகிவிட்ட தேவாலயத்தில் கேக்.
இப்படிப் பதினொன்று.
ஒவ்வொன்றின் அருகிலும்
டிக் போடச் சின்னச் சதுரம்.

சனிக்கிழமை மழை.
விழவில்லை அது. காற்றில் நின்றுகொண்டிருந்தது,
யாரோ வரவேண்டியிருப்பதுபோல.
சந்து முனையில் நாலு சக்கர பைக்கில்
மெரெரித்தின் தம்பி இத்வால்.
பின்னால் ஃப்ளோஸ், ஒரு கண் மட்டும் நீலமான நாய்.
"ரயிலா? பாதையில் மரம் விழுந்திருக்கிறது"
என்றார் சந்தோஷமாக.
பிறகு நம்மை மேலும் கீழும் பார்த்தார்,
கதவு வாங்க வந்தவர் மரத்தைப் பார்ப்பதுபோல.
"எனக்கு இரண்டு ஆள் குறைகிறது."

கற்சுவர் இரண்டு இடத்தில் சரிந்திருந்தது.
ஓர் இடைவெளியில் நீ, மற்றதில் நான்.
நடுவே பன்னிரண்டு ஏக்கர் சரிவு.
"கையை விரித்து நில்லுங்கள்.
நீங்கள் இப்போது மனிதர் இல்லை,
படல்."

பதினோரு வருடமாக
'பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று
தொலைபேசியில் சொல்லிப் பிழைப்பவள் நான்.
இங்கே சொல்ல ஒன்றுமில்லை.
காலுறைக்குள் தண்ணீர் ஏறியது.
மேலே எங்கோ இத்வாலின் சீழ்க்கை.
பனி ஓரிடத்தில் தடித்து,
ஆடுகளாகி, இறங்கத் தொடங்கியது.

முன்னால் வந்தது நின்று என்னைப் பார்த்தது.
மஞ்சள் கண், அதில் கிடைக்கோடாய்ப் பாவை.
நான் படலில்லை என்று
அதற்குத் தெரிந்துவிட்டது.
ஆனாலும் ஏனோ திரும்பி
உன் பக்கம் ஓடியது.

நீ குனிந்து
காலணி நாடா கட்டிக்கொண்டிருந்தாய்.

"இடப்பக்கம்!" என்று கத்தினேன்.
"இடப்பக்கம்டா, இடப்பக்கம்!"
பிப்ரவரிக்குப் பிறகு
உன்னிடம் நான் உரக்கச் சொன்ன முதல் சொல்.
நீ பாய்ந்தாய். வழுக்கினாய்.
விழுந்தபடியே கை விரித்தாய்.
"யாரோட இடப்பக்கம்? உன்னுதா, என்னுதா?"
அறுபத்திரண்டு ஆடுகளும் ஒரு கணம் நின்று
தமிழ் கேட்டன.
பிறகு மரியாதையாகப் பட்டிக்குள் போயின,
ஒன்றைத் தவிர.
அது உன்மேல் ஏறிப் போயிற்று.

"பனெட்?" என்றாள் மெரெரித்.
ஒரு கோப்பைத் தேநீருக்கு
அங்கே அதுதான் பெயர்.
நீங்கள் கத்திய சொல் என்ன என்று கேட்டு
இத்வால் அதை நாய்க்குச் சொல்லிப் பார்த்தார்.
ஃப்ளோஸ் வலப்பக்கம் போனது.

இரவு உன் முழங்காலில்
உறைந்த பட்டாணிப் பொட்டலம் வைத்தேன்.
"பிப்ரவரியில நான் சொன்னது..." என்று தொடங்கினாய்.
கூரைமேல் ஏதோ நடந்தது, காகமோ என்னவோ.
நீ முடிக்கவில்லை.
பொட்டலத்தின் குளிர்ந்த பக்கத்தை
உன் முழங்காலுக்குத் திருப்பினேன்.

ஞாயிறு, அருவியை இரண்டு நிமிடம் பார்த்தோம்,
பிரேக்கிலிருந்து காலெடுக்காமல்.
அதற்கு டிக் உண்டா என்று
நீ கேட்கவில்லை.
ஒரு வாசலில் மரப்பெட்டி, யாருமில்லை.
ஆறு முட்டை ஒன்றரைப் பவுண்டு,
காசைத் தகர டப்பாவில் போடவும்.
நம்மிடம் அட்டை மட்டுமே.
பட்டியலின் பின்புறத்தில் நீ கடன் எழுதி
பெயரும் முகவரியும் எழுதி,
பதினொரு சதுரங்களோடும் மடித்து
டப்பாவில் போட்டாய்.

மடியில் முட்டைகளோடு உட்கார்ந்தாய்.
முதல் வளைவில் சாலை மறுபடி
அரவ் என்றது.
நான் கவனிப்பதற்குள் நீ சொன்னாய்:
"மெதுவாப் போ."