நாலு சென்ரிமீற்றர்

"ஆர் இடிச்சது?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.
ஒருவரும் இடிக்கவில்லை.
பந்துகூட என்னிடம் இல்லை அப்போது.
தெல்லிப்பழையில், மைதானத்தின் வடக்கு மூலையில்
வலப்பக்கம் திரும்ப நினைத்தேன்.
உடம்பு திரும்பியது, இடது பாதம் திரும்பவில்லை.
உள்ளே ஒரு சத்தம்,
முருங்கைக் கொப்பு முறிவதுபோல.
கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருந்தால்
கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பெரியாஸ்பத்திரியில் திகதி கிடைக்க ஏழு மாதம்.
பின்தொடையிலிருந்து ஒரு நாரை உருவி
நாலாய் மடித்து
எலும்பில் துளைபோட்டு
கிழிந்த சவ்வின் இடத்தில் பூட்டினார்கள்.
குசினிக் கூரையின் ஓட்டையை
அறைக் கூரையில் ஓடு கழற்றி அடைத்த கணக்கு.
கொஞ்சக் காலம் இரண்டும் ஒழுகும்.

முதல் கிழமை என் வேலை:
முழங்காலுக்குக் கீழே சுருட்டி வைத்த துவாயை
நசுக்க வேண்டும். அவ்வளவுதான்.
தொண்ணூறு நிமிடம் ஓடிய தொடை
துவாயிடம் தோற்றது.
நான் அனுப்பிய கட்டளை இடுப்புவரை போய்
கடைசி பஸ் போய்விட்ட சந்தியில்
நிற்கிற ஆளைப்போல நின்றது.

ஜெனிற்றா மிஸ் இஞ்சி ரேப்பால் அளந்தா.
நல்ல கால், நாற்பத்தெட்டு.
மற்றது, நாற்பத்திநாலு.
'மற்றது' என்றுதான் கொப்பியில் எழுதினா.
நாலு சென்ரிமீற்றர் தசை
எந்த வழியால் வெளிக்கிட்டுப் போனது?
நான் படுத்துத்தானே கிடந்தேன்.

பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி சிவகடாட்சம்
புதுக் காலுக்கு நடை பழக்கிக்கொண்டிருந்தார்.
முந்தினது தேய்ந்து, இது மூன்றாவதாம்.
நான் என் தையலைத் துவாயால் மூடினேன்.
அவர் அதைப் பார்க்கவே இல்லை.
"எந்த இடத்தில விளையாடுறனீர்?"
"நடுவில. இடப்பக்கம்."
"இப்ப அதில ஆர்?"
அபிசனா என்று சொல்ல
எனக்குக் கனநேரம் எடுத்தது.
"நல்லா அடிக்கிறாவோ?"
"ஓம்."
அன்றைக்கு நான் தூக்கிய பாரம் அதுதான்.

ஏழாம் கிழமை சைக்கிள்.
அண்ணனின் லுமாலா, ஸ்ராண்டில் நிறுத்தியபடி.
பெடல் உச்சிக்கு வர முழங்கால் விடவில்லை.
முன்னுக்கு அரைவட்டம், பின்னுக்கு அரைவட்டம்.
வெங்காயத்துக்கு மருந்தடித்துவிட்டு வந்த அண்ணன்
"எவ்வளவு தூரம் போட்டாய்?" என்று கேட்டுவிட்டு
குளிக்கப் போனான்.
ஒரு புதன்கிழமை பின்னேரம்
பின்னுக்குத்தான், பிழையான பக்கமாய்த்தான்,
பெடல் ஒரு முழுச்சுற்றுச் சுற்றியது.
பின்சில்லு கிரிகிரியென்றது.
வீட்டில் வேறொருவரும் இல்லை.

கீரிமலைக் கேணியில் நெஞ்சளவில் நடந்தேன்.
கடலோரம் கிடந்தும் உப்பேறாத அந்தத் தண்ணீர்
என் பாரத்தைக் கேளாமலே வாங்கிக்கொண்டது.
படியேறும்போது
ஒரு றாத்தல் குறையாமல் திருப்பித் தந்தது.

குந்த முடியாத மாதங்களைப் பற்றி
எழுதப் போவதில்லை.
எங்கள் கக்கூசுக்கு அது தெரியும்.

பத்தாம் மாதம், ஒற்றைக்காலில் பாயவைத்து
சோக்கால் கோடு கீறி அளந்து
"சரி, போம்" என்றா ஜெனிற்றா மிஸ்.
இஞ்சி ரேப் இன்னும் ஒன்று குறைவென்றது.
சப்பாத்துக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது.

அபிசனா தன் இடத்தை விட்டுத்தரவில்லை.
ஏன் தர வேண்டும்?
எனக்குக் கடைசிப் பன்னிரண்டு நிமிடம்,
வலப்பக்கம், பழகாத ஓரம்.
முதல் பந்தை வந்த வழியே திருப்பிக் கொடுத்தேன்.
இரண்டாவதையும்.
மூன்றாவது அபிசனாவிடமிருந்து வந்தது,
இடக்காலுக்கு, வேண்டுமென்றே, உரமாய்.
நினைத்திருந்தால் நின்றிருப்பேன்.
திரும்பினேன்.
பாதமும் திரும்பியது.

பந்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது, அது வேறு.
பனங்கூடல் பக்கம் உருண்டதை எடுக்க
நானே ஓடினேன்.