கடந்த ஏழு நாட்களில்

குரல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது என்று
மூன்று நாள் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்.
"கடந்த ஏழு நாட்களில், ஏதேனும் ஒரு நாளில்,
ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?"

திருப்பூர், பாண்டியன் நகர். லைன் வீடு. நான்காம் கதவு.
துளசிமணி, முப்பத்தெட்டு.
"திங்கக்கெழம போனனுங்க.
செக்கிங் டேபிள்ல உக்காந்து பிசிறு வெட்டிட்டிருந்தம்.
பத்தரைக்கு சூப்பர்வைசர் வந்து
துணி இன்னும் டையிங்ல கெடக்குது,
வந்தா போன் பண்றம்னாருங்க."
பண்ணினாரா?
"சார்ஜ் போட்டே வெச்சிருக்கறனுங்க."
எவ்வளவு நேரம் வெட்டினீர்கள்?
"ரெண்டு மணி நேரமிருக்கும்."

ஒன்று போதும் அக்கா. ஒன்று உபரி.
இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.
கட்டத்தைத் தொட்டேன், பச்சையானது.

ஏழாம் கதவுக்குள் ஆறு பேர், மூன்று பாய்.
பாதிப் பேர் தூக்கத்தில், பாதிப் பேர் ஷிப்டில்.
ஒடிசாக்காரன் பிபூதி மட்டும் விழித்திருந்தான்.
"ஃபுல் வேலை அக்கா. டெய்லி ஒன்றரை ஷிப்ட்."
நிஜம்தான். கண் சிவந்திருந்தது, இமையோரம் பஞ்சு.
எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது,
அந்த வாரத்தில் முதன்முறையாக.
அதனால்தானோ என்னவோ
கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்: "அடுத்த மாசம்?"
"மொதலாளிக்கே தெரியாது அக்கா."
அடுத்த மாதத்துக்கு என் கருவியில் கட்டமில்லை.

சாயங்காலம், முக்கில் சென்னியப்பனின் தள்ளுவண்டி.
பதினேழு வருஷம் கட்டிங் மாஸ்டர்.
எண்பது மடிப்புத் துணியில்
கத்தி நூல் பிசகாமல் இறங்குமாம்.
கம்பெனியைப் பூட்டிய பிறகு காளான் போடுகிறார்.

போர்டில் காளான். சட்டியில் முக்கால்வாசி முட்டைக்கோஸ்.
யாரும் குறை சொல்வதில்லை. மசாலா தூக்கல்,
மேலே வெங்காயம், மல்லித்தழை, நாக்கு சுடும் சூடு.
நானும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டுதான்
கேள்வியையே தொடங்கினேன்.
அவர் சுயதொழில்.

கோஸ் அரிந்துகொண்டிருந்த மகள் தர்ஷணா, பி.காம்.,
நிமிராமல் சொன்னாள்:
"எனக்கு, வேலை தேடிட்டிருக்கறேன்னு போடுங்க."
போட முடியாது.
'தேடுகிறார்' என்ற கட்டம் திறக்க வேண்டுமானால்
முதல் கேள்விக்கு 'இல்லை' என்று வர வேண்டும்.
தினமும் மூன்று மணி நேரம் அரிகிறாயே?
குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர்.
அதுவும் வேலைதான்.
"சம்பளமில்லாமயா?"
சம்பளமில்லாமல்தான்.
"அப்பா, நான் வேலைல இருக்கறனாமா!"
அவர் கரண்டியை நிறுத்தவில்லை.
"அப்ப ட்ரீட் வெய்யி கண்ணு."

எண்ணில் பொய் ஏதுமில்லை.
துளசிமணி வெட்டியது வேலை. பிபூதி தூங்காதது வேலை.
இவள் விரல் நுனியில் பிளாஸ்திரி, அதுவும் வேலை பார்த்ததால் வந்ததே.
கேட்டதற்குப் பதில் சொன்னார்கள்,
நான் தொட்டேன், எங்கோ ஒரு கோடு
ஒரு மயிரிழை மேலே போயிருக்கும்.
போகட்டும்.
துளசிமணியின் மளிகைக்கடைப் பாக்கியும்
அதே ஏழு நாளில் மேலேதான் போனது.
அதைக் கேட்கச் சொல்லி யாரும் பயிற்சி தரவில்லை.

ஸ்கூட்டியைக் கிளப்பும்போது பின்னாலேயே ஓடி வந்தாள்.
"அக்கா, இந்த சர்வே வேலைக்கு ஆள் எடுக்கறாங்களா?"
வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு,
பெட்ரோல் நம் கைக்காசு,
மார்ச்சோடு முடிகிறது என்றேன்.
"பரவால்லீங்க."

என் நம்பரைச் சொன்னேன், பதிந்துகொண்டாள்.
திரையில் ஒட்டியிருந்த கோஸ் துணுக்கு
கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்தது.
பாவாடையில் துடைத்துவிட்டு
மறுபடி சொல்லுங்க என்றாள்.