வெளியே திறக்கும் கதவு

கருங்கல் சந்தையில் மீன் வெட்டித் தரும் தெரேசாள்தான்
நம்பர் தந்தாள்.
"தச்சு, சிமிண்டு, பைப்பு, ஓடு மாத்த,
பட்டிக்கூடு வரைக்கும் செய்வாரு.
வறுவேல்.
வாறேன்னு சொன்னா வருவாரு.
என்னைக்குன்னு மட்டும் கேக்காத."

செவ்வாய் என்று சொன்னவர்
வெள்ளி மத்தியானம் வந்தார்.
வண்டியின் முன்னால் ரம்பம், பின்னால் ஏணி,
நடுவில் எங்கோ அவர்.
இடையில் ஒரு கல்யாண வீடு, பிறகு மழை என்றார்.
மழை உண்மை.

நான் சொன்ன வேலை இவ்வளவுதான்:
குளிமுறி வாசலை அகலமாக்கணும்,
முப்பத்திரண்டு அங்குலம்.
எதற்கு என்று சொல்லவில்லை.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
டாக்டர் சொன்னதை
எனக்கே நான் இன்னும்
முழுசாகச் சொல்லிப் பார்க்கவில்லை.

நாளுக்கு ஆயிரத்து இருநூறு என்றார்.
ஆயிரம் என்றேன்.
நிலையை விரலால் தட்டினார்.
"அயனியாக்கும். ஒடைக்காம எடுக்கணும்.
ஆயிரத்து நூறு. சாயா கணக்குல இல்ல."

ஞாயிறு பூசைக்கு விட்டு, மூன்று நாள்.
சுவர் இடித்த தூசு அரிசிப் பானைக்குள்ளும் போயிற்று.
இடையிடையே, கேட்டதும் கேட்காததுமாக,
அடுக்களை டேப்பின் வாசர்,
ஆடிக்கொண்டிருந்த கட்டில் கால்,
மரநாய் புரட்டிப்போட்ட ஓடு,
மகள் மேசையில் திறக்காத டிராயர்.
(அதற்குள் ஒரு மார்க் ஷீட் சிக்கியிருந்தது.
அவர் படிக்காமல் கவிழ்த்து வைத்தார்.
நான் படித்தேன்.)
கட்டிலைச் சரிசெய்த அன்றைக்குத்தான்
"வாசலுக்குக் கீழ்ப்படி வேண்டாம்" என்றார்.
நான் ஏன் என்று கேட்கவில்லை.

சொன்ன செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய், மாலை.
புதுக் கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது.

"அண்ணே, இது உள்ளேதானே திறந்தது?"
"ஆமா."
"மாத்தணும்னு நான் சொன்னேனா?"
"இல்ல."
"நடையில வாளி இருக்கும், இடிக்கும்.
ஆளு நடமாட இடம் வேண்டாமா?
கேட்டுட்டுச் செய்யக்கூடாதா?"
குரல் ஏறிவிட்டது.
ஆறு வாரமாக அடக்கிய குரல்
ஒரு கதவின் மேல் விழுந்தது.

வறுவேல் உளியைத் துடைத்தார், இரண்டு பக்கமும்.
"உள்ள ஒரு ஆளு விழுந்து கெடந்தா
உள்பக்கம் தொறக்கிற கதவ
வெளிய நிண்ணு தள்ள முடியாது, பாத்துக்கிடுங்க.
விழுந்த ஆளே கதவுக்கு முட்டா கெடப்பாரு."

கட்டிலுக்கு அடியில் மடக்கி
பழைய வேட்டி போர்த்தி
நான் ஒளித்து வைத்திருந்தது
தானாக உருண்டு வந்து
எங்கள் நடுவே நின்றது.

"முப்பத்திரண்டு பத்தாது" என்றார் பிறகு,
சுவரைப் பார்த்து.
"முப்பத்தி நாலு வச்சிருக்கேன்.
நாற்காலி போவும். சக்கரம் தள்ளுத கை உரசும்.
அதுக்கு ரெண்டு."

காலண்டர் தாளின் பின்னால் கணக்கு எழுதினார்.
மூன்று நாள் கூலி. கீல் மூன்று. தாழ்ப்பாள்.
சிமிண்டு அரைச் சாக்கு.
டேப்பும் டிராயரும் சேர்த்து நூற்றைம்பது.
கதவைத் திருப்பியதற்கு ஒன்றுமில்லை.
"அது நீங்க சொல்லாத வேலை."
"அந்த ரெண்டு அங்குலம்?"
"அது எனக்கு அளவு பெசகினது" என்று
சிரிக்காமல் சொல்லிவிட்டு
ஏணியைக் கட்டப் போனார்.

நாளை பிள்ளைக்கு அப்பா வருகிறார்.
நேற்றிரவு மகள் தூங்கிய பிறகு
திறந்து பார்த்தேன்.
நான் சொன்னபடியே வாளியில் இடித்தது.
வாளியைத் தள்ளி வைத்தேன்.
மறுபடி திறந்தேன்.
இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.