மஞ்சள் கயிறு

நான் பிறந்த இரவு
என்னைத் தன் துண்டால் துடைத்தவர் வீரபத்திரன்.
"கறுப்பா, நீளமா... சுருட்டுடா நீ" என்றார்.
அதுவே பேராகிவிட்டது.

மறுவாரம் பெரட்டுக் களத்துக்கு லாரி வந்தது.
ஜப்பான்காரன் பேர் வாசித்தான்.
சுங்கை சிப்புட் பக்கத்து எங்கள் லயத்திலிருந்து
சயாமுக்கு முப்பத்திரண்டு பேர்.
மூணே மாசம் என்றார்கள்.
பவளக்கொடி விரல் விட்டு எண்ணினாள்.
பத்தும் தீர்ந்தபின் என் கால்களை எண்ணினாள்.
அப்புறம் எண்ணவில்லை.

வெள்ளையம்மா என் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினாள்.
"அவர் திரும்பி வந்தால் இது உனக்கு, முனியாண்டி."
சாமி ஒன்றும் சொல்லவில்லை.
என்னை யாரும் கேட்கவில்லை.

காலையில் மரவள்ளி, மாலையில் அதன் தோல்.
(தோல் எனக்கு வரவேண்டியது. நான் மறக்கவில்லை.)
கோழிகள் போயின. கங்காணி வீட்டு வாத்தும் போயிற்று.
ராத்திரியில் யார்யாரோ என் விலாவைத் தடவுவார்கள்,
கயிற்றில் விரல் பட்டதும்
சுட்டதுபோல் எடுத்துக்கொள்வார்கள்.

கணக்கு அப்போதுதான் புரிந்தது.
அவர் வந்தால் நான் இல்லை.
வராதவரை இருக்கலாம்.
ரயில் ஊதும்போதெல்லாம் பவளக்கொடி எழுந்து ஓடுவாள்.
நான் புல்லையே பார்த்துக்கொண்டிருப்பேன்,
கொஞ்சம் வெட்கத்தோடு.

சண்டை முடிந்தது.
வாழைமர நோட்டில் பிள்ளைகள் கப்பல் விட்டார்கள்.
நான் நாலு தின்றேன். ருசியில்லை.

ஒரு மழைநாள், சடக்கோரமாக
சாக்கு கட்டிய எலும்பு ஒன்று நடந்து வந்தது.
"இங்கே ஒன்றுமில்லை, போங்கய்யா" என்றாள் வெள்ளையம்மா.
பவளக்கொடி கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள்.
காற்று திரும்பியது.
மழைக்கும் புண்ணுக்கும் அடியில்
ஒட்டுப்பால் வாடை.
அந்தத் துண்டு.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.
எனக்கு வாயை மூடத் தெரியாது.
முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி
அவர் முழங்காலில் முட்டினேன்.
நான் போட்ட சத்தத்தில் லயமே வெளியே வந்தது.

"சுருட்டு," என்றார். "வளர்ந்துட்டியேடா."

வெள்ளையம்மாவின் கையிலிருந்து வாளி விழுந்தது.

வெள்ளிக்கிழமை அரிவாள் தீட்டினார்கள்.
தலையில் தண்ணீர் தெளித்தார்கள்,
சிலிர்த்தால் சாமி உத்தரவு.
நான் சிலிர்க்கவில்லை.
காதுக்குள் ஒரு சொட்டு இறங்கிக் குறுகுறுத்தது.
அப்போதும் இல்லை.

வீரபத்திரன் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.
நிற்க முடியாமல்தான்.
"முப்பத்திரண்டு பேர் போனோம், முனியாண்டி.
எத்தனை பேர் நிக்கிறோம்னு எண்ணிப் பாரு.
இன்னுமா வேணும்?"

சாமி அன்றும் ஒன்றும் சொல்லவில்லை.
யாரோ ஒரு பூசணிக்காயை உருட்டிவிட்டார்கள்.

குங்குமம் தடவாத பாதியை நான் தின்றேன்.
அப்புறம் தடவிய பாதியையும்.