காதுத் தக்கை

இறகை எடுக்க மாட்டேன்.
பறந்து பழகியதைப் பறக்கவைத்தால்
கைதட்டல் பறவைக்குப் போய்விடும்.

ஐந்து யூரோத் தாள் பரவாயில்லை.
நாலாய் மடித்தால் காம்பில்லாத பூப்போல
உள்ளங்கைக்கு மேல் நிற்கும்.
ஆனால் கொடுத்தவர் பார்ப்பது பூவை அல்ல,
திரும்பி வருமா என்ற கணக்கை.

கல்யாண மோதிரம் கேட்பதை விட்டுப் பல வருடமாயிற்று.
ஒருவர் கழற்றித் தந்தார்.
மோதிரம் எழுந்தது, சுழன்றது, விளக்கில் மின்னியது.
அவர் மனைவி அதைப் பார்க்கவே இல்லை,
எவ்வளவு சுலபமாய்க் கழன்றதென்று
அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீனிப் பொட்டலம் உள்ளுக்குள் சரியும்.
சோடா மூடியின் பல் இழையை அறுக்கும்.
தீக்குச்சி என்றால் எரிந்து முடிந்தது.
புதுக்குச்சி எழுந்தால் தந்திரம் என்பார்கள்,
கருகியது எழுந்தால்
புகையோடு போக மறந்தது இப்போது போகிறது என்று
அரைமனதாய் நம்புவார்கள்.
அந்த அரைமனதுதான் என் சம்பளம்.

இழையைப் பற்றிக் கேட்காதீர்கள்.
எங்கே இருக்கிறதென்று
சில இரவுகளில் எனக்கே தெரியாது.
இருமினால் தெரியும்.

நேற்று ட்ரியஸ்டேயில் போரா.
மலையிலிருந்து கடலுக்குள் பாயும் காற்று,
குடைகளைக் கம்பிக்கூடாக்கும் காற்று.
துறைமுகத்தில் கிரேன்களை நிறுத்திவிட்டார்கள்.
வேலையில்லாதவர்கள் எல்லாரும் உணவகத்துக்குள்,
புளித்த முட்டைக்கோஸ் சூப்பின் ஆவிக்குள்.

மூன்றாவது மேசையில் நேவா ஷ்கெர்க்.
முப்பது டன் பெட்டியை
முட்டையை வைப்பதுபோல் கப்பலில் வைப்பாள் என்று
பரிமாறுகிறவன் என் காதில் போட்டான்.
உங்கள் பொருள் ஏதாவது தாருங்கள் என்றேன்,
கனமில்லாததாய்.
சாவிக்கொத்திலிருந்து ஓர் இரும்பு நட்டைக் கழற்றினாள்.
இது கனம் என்றேன்.
இதுவா, என்றாள்.
மேசை முழுக்கச் சிரித்தது. நானும்தான்.

பிறகு சட்டைப்பையைத் துழாவி
ஆரஞ்சு நிறத்தில் ஒரு காதுத் தக்கை.
நசுங்கி, அழுக்கேறி, மெல்ல உப்பிக்கொண்டிருந்தது.
வேறு நாளென்றால் வேண்டாம் என்றிருப்பேன்.
நுரையை மிதக்கவிட ஒரு வித்தைக்காரன் எதற்கு?
ஆனால் ஏற்கெனவே ஒருமுறை மறுத்தாயிற்று.

எழுந்தது.
ஒரு சாண், ஒன்றரைச் சாண்.
எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.
அவள் அதற்கு மேலே பார்த்தாள்.
உத்தரம், விளக்கு, என் தோள், என் காது.
கொக்கியைத் தேடுகிறாள்.
இருபது வருடத்தில் முதல்முறையாக
என் சட்டைக்குள் வியர்த்தது.

"வெறும் பெட்டிதான் ரொம்ப ஆடும்,
சரக்கிருந்தால் தானே அடங்கும்"
என்றாள் சூப்பைக் கலக்கியபடி,
என்னிடமா, பக்கத்திலிருந்தவனிடமா, தெரியவில்லை.

அப்போது யாரோ கதவைத் திறந்தார்கள்.

காகித விரிப்புகள் பறந்தன.
தக்கை இடப்பக்கம் வீசி
வலப்பக்கம் வீசி
இன்னும் அகலமாய் இடப்பக்கம் வீசி
அவ்வளவுதான், அறுந்தது என்று நினைத்தேன்.

நேவாவின் இடதுகை கரண்டியை விட்டது.
மேசைமேல், ஒன்றுமில்லாத இடத்தில்,
இல்லாத ஒரு நெம்புகோலைப் பிடித்தது.
ஆட்டம் போகும் பக்கமே
கொஞ்சம் கூடப் போய், நின்று,
பின்வாங்கியது.
யோசித்துச் செய்ததில்லை.
தூக்கத்தில் போர்வையை இழுப்பதுபோல்.

தக்கை நின்றது.

நான் தோளை அசைக்கவில்லை.
மூச்சுக்கூட விடவில்லை.
கதவு இன்னும் திறந்துதான் கிடந்தது,
எதிர்மேசை விரிப்பு இன்னும் பறந்துகொண்டுதான் இருந்தது.

யாரோ கைதட்டினார்கள்.
வழக்கம்போல் குனிந்து வணங்கினேன்.
நிமிர்வதற்குள்
காற்றிலிருந்து தக்கையை எடுத்துவிட்டாள்,
அலமாரியிலிருந்து டம்ளரை எடுப்பதுபோல்.
விரலில் உருட்டிக்
காதுக்குள் செருகிக்கொண்டாள்.

கேட்டேன், எப்படிச் செய்தீர்கள் என்று.

கேட்கவில்லை அவளுக்கு.
சூப் ஆறிவிடும் என்று சைகை காட்டினாள்.