தாமத மன்னிப்பு மனு

பதினாறு வருடம் நான் பார்த்ததெல்லாம் கூரைகள்.
மல்லாந்து நீந்துகிறவளுக்குப்
போகிற திசை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.
கோப்பன்ஹேகனில் இரும்புச் சட்டங்கள், இருபத்திரண்டு விளக்குகள்.
லிஸ்பனில் கண்ணாடிக் கூரைமேல் ஒரு கடற்பறவை
அரையிறுதி பாதி முடியும்வரை நடந்துகொண்டிருந்தது.
எங்கள் சோல்நோக்கில் கூரையே கிடையாது:
ஜனவரி விடிகாலை,
திறந்தவெளி வெந்நீர்க் குளத்தில் ஆவி எழும்ப
ஆறு தடங்களில் ஆறு பெண்கள்.
ஒருத்தி மூச்சு இன்னொருத்திக்குக் கேட்கும்,
முகம் தெரியாது.
ஏறி வந்து நின்றால் முடிநுனி உறைந்து
துண்டு பட்டதும் ஒடியும்.

சுவர் வருகிறது என்று யாரும் சொல்வதில்லை.
குறுக்கே கட்டிய கொடிகள் தலைக்குமேல் கடக்கும்;
அங்கிருந்து ஐந்து வீச்சு.
அந்த ஐந்தை நம்பிய அளவு
கடவுளையும் நம்பியதில்லை, கணவனையும்.

கோப்பன்ஹேகன் இறுதியில் ஆறு வீசினேன்.
ஐந்தாவதில் உடம்பை நீட்டித் தொட்டிருக்க வேண்டும்.
ஏனோ இன்னொரு அரைவீச்சு.
பலகையில் விழுந்தது: சலொன்தாய் எமெகே, நான்கு.
மூன்றாமவளுக்கும் எனக்கும் நடுவே
ஒரு வினாடியை நூறாக அரிந்து
அதில் நான்கு துண்டு.
அவர்கள் மூவரும் மேடைக்குப் போனார்கள்.
நான் என் செருப்பைத் தேடப் போனேன்.
யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருந்தார்கள்.

தோளில் இரண்டு அறுவைச் சிகிச்சை.
இருபத்தாறு வயதில் செகெத் சட்டக் கல்லூரி,
பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில்.
உடம்பு பழக்கத்தில் நாலரைக்கே விழித்துக்கொண்டது,
செய்ய ஒன்றுமில்லை.
ரோமானியச் சட்டத்தை எழுப்பி எதிரே உட்கார வைத்தேன்.
கறுப்புக் கோட்டைத் தையற்காரர் இரண்டு முறை பிரித்தார்,
முதுகு உள்ளே போகவில்லை.

இன்று என் கட்சிக்காரர் ரொஷ்தாஷ் பெர்த்தலான்,
ரயில்பெட்டிப் பட்டறையில் வெல்டர், வேலைநீக்கம்.
வழக்குப் போட முப்பது நாள் கெடு.
முப்பதாம் நாள் இரவு, மகளின் கைபேசியில்,
தொண்ணூற்றெட்டு சதவிகிதத்தில் நின்றுவிட்டது மனு.
போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டைத் தாண்டி நான்கு நிமிடம்.

நான்கு. ஏதோ பழைய கணக்கை
யாரோ பெரிதாக்கி அனுப்பியதுபோல்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து,
கெடு என்றால் கெடுதான் என்றார்.
எனக்குத் தலையாட்ட வந்தது.
அதைத்தானே நம்பி வளர்ந்தேன்.
பலகை யாருடைய அப்பன் பெயரும் கேட்காது,
தூங்கினாயா என்று கேட்காது, தோள் வலிக்கிறதா என்றும்.
ஏன் தாமதம் என்று தண்ணீரில் ஒருவரும் கேட்பதில்லை.
அதன் நேர்மை அது.
அதன் குரூரமும் என்று
நேற்றிரவு மனுவை நான்காம் முறை திருத்தும்போதுதான் பட்டது.
சட்டத்தில் ஒரு பிரிவே இருக்கிறது,
அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கென்று.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"ஏன்?"

எழுந்தேன். விரிசல் விட்ட கைபேசியை நீட்டினேன்.
இரவு வேலைப் பட்டியல், காய்ச்சலில் மகள்,
கோபுரம் பழுதென்று நிறுவனம் எழுதிய கடிதம்.
சொல்லச் சொல்ல எங்கோ கொடிகள் கடந்தன.
ஐந்து வாக்கியத்தில் முடித்துவிட நினைத்தேன்.
ஆறாவதும் சொன்னேன். வேண்டியிருந்தது.

உத்தரவு இரண்டு வாரம் கழித்து.

தாழ்வாரத்தில் ரொஷ்தாஷ் தொப்பியைத் திருகியபடி
"ஜெயித்தோமா?" என்றார்.
பழக்கதோஷம், அண்ணாந்து பார்த்தேன்.
பலகை இருக்க வேண்டிய இடத்தில்
நீதிமன்றத்தின் சுவர்க்கடிகாரம்.
கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன்:
ஆறு நிமிடம் பின்தங்கி,
எந்தக் கூச்சமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.